மூச்சிலிருந்து தொடங்கும் வலு: வீட்டுத் தரையில் பிலாட்டீஸ் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

கேழ்வரகுக் களி கிண்டுபவரைப் பக்கத்தில் நின்று கவனித்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதிச் செய்தி முன்பே தெரிந்திருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராம வீடுகளில் களி இறுகும் நேரம் வந்ததும், பழகிய கை உள்ள பெண்கள் பானை அசையாதபடி அணை கொடுத்துவிட்டு, இரு கைகளாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டத் தொடங்குவார்கள். அப்போது அவர்களுடைய தோள் மேலே ஏறாது; ஒவ்வொரு சுற்றுக்கும் வாய் வழியாக மெல்லிய மூச்சு வெளியேறும்; அந்த மூச்சோடு அடிவயிறு உள்ளே ஒட்டும். புதிதாகக் கிண்டுபவரோ மூச்சை அடக்கிக்கொண்டு மணிக்கட்டாலும் தோளாலும் போராடி, சற்று நேரத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். இருவர் கையிலும் இருப்பது அதே துடுப்பு, அதே களி. விசை புறப்படும் இடம்தான் வேறு.

பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி முறை கற்றுத் தருவது இந்த வேறுபாட்டைத்தான். உடலின் நடுப்பகுதியில் ஆழமாக இருக்கும் தசைகளை மூச்சோடு இணைத்து முதலில் எழுப்பிவிட்டு, அதன் பிறகே கையையோ காலையோ அசைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கிருஷ்ணகிரியில் என் வீட்டு மாடியில் சில ஆண்டுகளாகச் சிறு குழுக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வருபவர்களில் மல்பெரித் தோட்டத்தில் நாள் முழுவதும் குனிந்து தழை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நடக்கும்போது தடுமாற்றம் வரத் தொடங்கிய பெரியவர்களும் இருக்கிறார்கள். எல்லோரிடமும் நான் முதல் நாளில் சொல்வது ஒன்றுதான்: முதல் இரண்டு வாரம் நீங்கள் வெளியே தெரியும்படி எதுவும் செய்யப் போவதில்லை, மூச்சு மட்டும்தான் பழகப் போகிறீர்கள். அந்த இரண்டு வாரத்தைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கே இந்தப் பயிற்சி முழுப் பயன் தருகிறது என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது

இந்த முறையை வகுத்தவர் ஜோசப் பிலாட்டீஸ். 1883ஆம் ஆண்டு ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்த அவர், சிறுவயதில் ஆஸ்துமாவாலும் எலும்பு வலுவின்மையாலும் அவதிப்பட்டவர். அந்த உடலைத் திருத்திக்கொள்ள ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை எனப் பலவற்றையும் பழகினார். முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்ததால், ஜெர்மானியர் என்ற காரணத்துக்காக அடைத்துவைக்கப்பட்டார். ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் உடன் இருந்தவர்களுக்குத் தம் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். 1920களில் நியூயார்க் சென்று, மனைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடம் தொடங்கினார். காயம்பட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் தம் முறைக்கு வைத்த பெயர் கன்ட்ராலஜி, அதாவது உடலை மனத்தின் கட்டுப்பாட்டில் இயக்கும் கலை. பிலாட்டீஸ் என்ற பெயர் பிறகுதான் நிலைத்தது. பைலேட்ஸ் என்று எழுதுபவர்களும் உண்டு. அவர் வகுத்த தரைப் பயிற்சிகள் மொத்தம் 34. சுருள்வில் பொருத்திய கருவிகளில் செய்யும் பயிற்சிகளும் இருக்கின்றன என்றாலும், நம் ஊரில் வீட்டில் பழகுபவருக்கு ஒரு விரிப்பும் ஆறடித் தரையும் போதும்.

யோகாசனம் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். யோகப் பயிற்சியில் பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்ப விடுகிறோம். பிலாட்டீஸில் அடிவயிறு மென்மையான பிடிப்பில் இருக்க, விலா எலும்புகள் பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் விரிய மூச்சை இழுக்கிறோம். இரண்டில் எது உயர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓய்வுக்கு வயிற்று மூச்சு நல்லது. அசைவின்போது முதுகெலும்புக்குத் துணை வேண்டும் என்றால் விலா மூச்சு நல்லது.

தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருந்தது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதனால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரைடு மிகுதியால் பல்லிலும் எலும்பிலும் வரும் ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தணிக்கும் நோக்கத்தையும் சேர்த்தே வகுக்கப்பட்டது. ஆனால் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பல்லில் படியும் பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரிந்தது. அதே ஃபுளோரைடு நீண்ட காலத்தில் எலும்பிலும் படிந்து, தசைநார்களை இறுக்கி, முதுகெலும்பின் வளைவுத்தன்மையைக் குறைத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. எலும்பு பார்வைக்கு அடர்த்தியாக இருந்தாலும் எளிதில் முறியக்கூடியதாக இருக்கும். எனவே கழுத்தைத் திருப்ப முடியாத இறுக்கம், குனிய முடியாத முதுகு, காலையில் நீண்ட நேரம் விலகாத விறைப்பு ஆகியவை உள்ளவர்கள், இது வெறும் வயதின் கோளாறு என்று தாங்களே முடிவு செய்யாமல், மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே தேவையா என்று கேட்ட பிறகே தொடங்க வேண்டும். அந்த உடலை வலுக்கட்டாயமாக வளைப்பது தீங்கு தரும்.

எலும்பு மெலிவு உள்ளவர்கள் முதுகை முன்பக்கமாக உருட்டும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. கர்ப்பிணிகள் நான்காம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுத்துச் செய்வதை விட்டுவிட வேண்டும். பிரசவம் ஆனவர்கள், குறிப்பாகச் சிசேரியன் ஆனவர்கள், மருத்துவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். குடலிறக்கம், கால் வரை பரவும் முதுகுவலி, கால் மரத்துப்போதல், தலைச்சுற்றல் ஆகியவை இருப்பவர்களும் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இடமும் விரிப்பும்

சமதளமான சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரை போதுமானது. யோகா விரிப்பு இல்லை என்றால் கோரைப்பாயின் மேல் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டுக்கொள்ளலாம். மெத்தையில் செய்யக் கூடாது. உடல் புதைந்துவிட்டால் இடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று முதுகால் உணர முடியாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். களி சாப்பிட்டவர்கள் மூன்று மணி நேரம் விடுவது நல்லது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் மார்கழிக் காலையில் உடல் விறைத்திருக்கும் என்பதால், அங்குள்ளவர்கள் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்த பிறகு படுக்க வேண்டும்.

முதல் படி: இடுப்பின் இயல்பு நிலையைக் கண்டுபிடித்தல்

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு விலக்கித் தரையில் ஊன்றுங்கள். இப்போது இரு உள்ளங்கைகளின் அடிப்பகுதியை இடுப்பின் முன்பக்க எலும்பு முனைகளில் வைத்து, விரல் நுனிகளை அடிவயிற்றின் கீழே உள்ள எலும்பில் சேர்த்தால் கைகள் ஒரு முக்கோணமாக அமையும். அந்த முக்கோணம் தரைக்குச் சமமாக, அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் எந்தப் பக்கமும் சிந்தாது என்னும்படி இருந்தால், அதுவே இயல்பு நிலை. வால் எலும்புப் பக்கம் சாய்த்துப் பாருங்கள்; முதுகு வளைந்து தரையை விட்டு எழும். நாபிப் பக்கம் சாய்த்துப் பாருங்கள். முதுகு தரையில் முழுவதும் ஒட்டும். இரண்டுக்கும் நடுவில், இடுப்புக்குக் கீழே விரல்கள் மட்டும் நுழையும் சிறு இடைவெளி இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு வைத்துக்கொண்டால் தாடை வானத்தை நோக்கித் தூக்காமல் இருக்கும்.

இந்த நிலையைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல ஆண்டுகள் குனிந்து வேலை செய்தவர்களின் இடுப்பு எது நேர் என்பதையே மறந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் முதல் இரண்டு நிமிடத்தை இதற்கே கொடுங்கள்.

இரண்டாம் படி: மூச்சு

ஒரு நீளத் துண்டை எடுத்து, மார்புக்குக் கீழே விலா எலும்புகளைச் சுற்றி முதுகுக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து, முன்பக்கம் குறுக்காக மாற்றி, இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். துண்டு பக்கவாட்டில் இறுக வேண்டும். முதுகுப்புறத்திலும் அதன் அழுத்தம் தெரிய வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் மூச்சு மேல் மார்போடு நின்றுவிட்டது என்று பொருள். பிறகு உதடுகளைக் குவித்து, ஊதுகுழலால் விறகடுப்பை ஊதுவது போல, ஆனால் சாம்பல் பறக்காத அளவுக்கு மெதுவாக, ஆறு எண்ணும் வரை வெளிவிடுங்கள். விலா எலும்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சுருங்கிக் கீழே இறங்குவதைத் துண்டு தளர்வதிலேயே அறியலாம்.

இந்த வெளிமூச்சுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதைப் புரிந்துகொண்டால் பயிற்சி எளிதாகும். நம் உடலின் நடுப்பகுதியை ஒரு குதிராக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மூடி உதரவிதானம், அதாவது நுரையீரலுக்குக் கீழே குடை போல இருக்கும் மூச்சுத் தசை. அடிப்பாகம் இடுப்புத்தளத் தசைகள். சுற்றுச்சுவர், வயிற்றைக் குறுக்காகச் சுற்றிப் பிடிக்கும் ஆழமான வயிற்றுத் தசை. பின்பக்கம் முதுகெலும்பின் கண்ணிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகள். மூச்சை இழுக்கும்போது மூடி கீழே இறங்குகிறது. அடிப்பாகம் சற்றே தளர்ந்து இடம் கொடுக்கிறது. முழுமையாக வெளிவிடும்போது மூடி மேலே ஏறுகிறது. சுற்றுச்சுவரும் அடிப்பாகமும் தாமாகவே சுருங்குகின்றன. நாம் புதிதாக எதையும் கற்பிக்கத் தேவையில்லை. இயல்பாக நடக்கும் இந்தச் சுருக்கத்தை நீண்ட வெளிமூச்சால் தெளிவாக்கி, அது நடக்கும் நேரத்தில் கை கால்களை அசைக்கப் பழகுகிறோம். களி கிண்டும் பெண்ணின் வயிற்றில் நடப்பதும் இதுவே.

முதல் நாள் பத்து மூச்சு போதும். தலை இலேசாகச் சுற்றினால் நீங்கள் அளவுக்கு மீறி வேகமாகவோ ஆழமாகவோ மூச்சு விடுகிறீர்கள். நிறுத்தி இயல்பாகச் சுவாசித்துவிட்டு, எண்ணிக்கையைக் குறைத்துத் தொடங்குங்கள். உட்கார்ந்த நிலையில் பிடிபட்ட பிறகு படுத்தபடி பழகுங்கள். படுத்திருக்கும்போது முதுகுப்புற விலா தரையை அழுத்துவது தெளிவாகத் தெரியும், துண்டுகூடத் தேவைப்படாது.

மூன்றாம் படி: அடிவயிற்றை எழுப்புதல்

முன்பு சொன்ன இடுப்பு எலும்பு முனைகளிலிருந்து இரண்டு விரல்கடை உள்ளேயும் சற்றுக் கீழேயும் விரல் நுனிகளை அழுத்தி வைத்து, இலேசாக ஒரு முறை இருமுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு ஒரு தசை எழும்பும். அந்தத் தள்ளல் நமக்கு வேண்டாம். இடம் தெரிந்துகொள்ளவே இருமச் சொன்னேன். இப்போது மூச்சை மெல்ல வெளிவிட்டபடி, இரு எலும்பு முனைகளும் ஒன்றையொன்று நோக்கி வருவதாக நினைத்து அடிவயிற்றை உள்ளிழுங்கள். விரலுக்கு அடியில் துணி இழுத்துக் கட்டியது போன்ற மெல்லிய இறுக்கம் வரும். அதே நேரத்தில் சிறுநீரை நிறுத்தும்போது உயர்த்துவது போல இடுப்புத்தளத்தை மேலே இழுங்கள். இதை நிஜமாகச் சிறுநீர் கழிக்கும்போது செய்து பார்க்கக் கூடாது.

எவ்வளவு இழுக்க வேண்டும் என்றால், உங்கள் முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே. அந்த இறுக்கத்தோடு நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு நின்றுவிட்டால் மூச்சை அடக்கிவிட்டீர்கள். வயிறு பானை போல மேலே உப்பினால், ஆழமான தசைக்கு முன்பே மேல் தசை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. முதுகு தரையில் அழுந்தினால் இயல்பு நிலை போய்விட்டது. இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லோருக்கும் முதலில் வரும் பிழைகள்; பொறுமையாகத் திருத்திக்கொள்ளலாம்.

நான்காம் படி: தரைப் பயிற்சிகள்

முதலில் இடுப்பு உயர்த்தல். முழங்கால் மடக்கிப் படுத்த நிலையில், மூச்சை இழுத்துத் தயாராகி, வெளிவிடும்போது வால் எலும்பைச் சுருட்டி, முதுகெலும்பின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து விடுவித்தபடி இடுப்பைத் தூக்குங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சரிவுக் கோடாக வந்ததும் நின்று, மூச்சை இழுத்து, வெளிவிட்டபடி மேல் முதுகிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக இறக்குங்கள். இறக்கும்போது நடுமுதுகு ஒரே துண்டாகத் தொப்பென்று விழும் இடம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. அங்கேதான் விறைப்பு இருக்கிறது. அந்த இடத்தில் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். எலும்பு மெலிவோ முதுகு விறைப்போ உள்ளவர்கள் கண்ணி கண்ணியாகச் சுருட்டாமல், முதுகை நேராக வைத்தபடியே சிறிதளவு தூக்கி இறக்கினால் போதும். ஆறு முதல் எட்டு முறை செய்யலாம். பின்தொடையில் தசைப்பிடிப்பு வந்தால் குதிகாலை இடுப்புக்கு இன்னும் சற்று நெருக்கமாக வையுங்கள்.

அடுத்தது கால் மாற்றிப் பாதம் தொடுதல். வெளிமூச்சில் ஒரு காலையும், அடுத்த வெளிமூச்சில் மறு காலையும் தூக்கி, முழங்காலும் இடுப்பும் செங்கோணமாக நிற்கும்படி வையுங்கள். பிறகு ஒரு பாதத்தின் நுனியை மட்டும் தரையைத் தொட இறக்கி, வெளிமூச்சில் மீண்டும் ஏற்றுங்கள். பார்ப்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் இந்தப் பயிற்சியே உங்கள் நடுப்பகுதியின் உண்மை நிலையைக் காட்டும். கால் இறங்கும்போது முதுகு வளைந்து எழும்பினால் இறக்கும் தூரத்தைக் குறையுங்கள். பாதம் தரையைத் தொட வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதுகு அசையாமல் பக்கத்துக்கு ஐந்து முறை இறக்க முடிவது, முதுகு ஆட ஆட ஐம்பது முறை இறக்குவதைவிட மேலானது.

மூன்றாவது, இந்த முறையின் அடையாளமாகவே ஆகிவிட்ட நூறு என்னும் பயிற்சி. கைகளை உடலுக்குப் பக்கத்தில் நீட்டித் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, சிறு அலைபோல மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுத்து, ஐந்து அசைவுக்கு வெளிவிட்டால் ஒரு சுற்று. பத்துச் சுற்று சேர்ந்தால் நூறு. முழு வடிவத்தில் தலையும் தோளும் தரையை விட்டு எழுந்திருக்க, கால்கள் நீட்டப்பட்டிருக்கும். நான் முதன்முதலில் இதைக் கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, முதல் நாளே முழு வடிவத்தில் நூறு எண்ணி முடித்தேன். மறுநாள் காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்று வாரம் வலி இருந்தது. வயிறு தாங்க வேண்டிய தலையின் எடையைக் கழுத்து தாங்கியதே காரணம் என்று பிறகு புரிந்தது. ஆகவே தொடங்குபவர்கள் தலையைத் தரையில் வைத்து, பாதங்களையும் ஊன்றியபடி, இரண்டு சுற்றிலிருந்து பழகுங்கள். ஒரு மாதம் கழித்துக் கால்களைச் செங்கோணத்துக்குத் தூக்கலாம். அதற்கும் பிறகு, பார்வை தொடையை நோக்க, தாடைக்கும் மார்புக்கும் நடுவே ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்து, தலையை எழுப்பலாம். எழுப்பியதும் கழுத்தின் முன்பக்க நரம்புகள் புடைத்தால் உடனே தலையை இறக்கிவிட்டு, கை அசைவை மட்டும் தொடருங்கள்.

நான்காவது, நான்கு கால் நிலையில் எதிரெதிர்க் கை கால் நீட்டல். இது ஜோசப் பிலாட்டீஸ் வகுத்த 34 பயிற்சிகளில் ஒன்றன்று. இன்றைய பிசியோதெரபியிலிருந்து வகுப்புகளுக்கு வந்தது. ஆனாலும் நம் ஊர் உழைப்பாளிகளின் முதுகுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். உள்ளங்கைகள் தோளுக்கு நேர் கீழேயும், முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழேயும் இருக்க, வீட்டில் உள்ள துடைப்பக் கட்டை ஒன்றை முதுகில் நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களில் கட்டை தொட வேண்டும். வெளிமூச்சில் வலது காலைத் தரையோடு உரசியபடி பின்னால் நீட்டி, பிறகு இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். கட்டை உருளாமல் இருந்தால் இடது கையையும் முன்னால் நீட்டுங்கள். ஒரு மூச்சு அளவு நின்று இறக்கி, பக்கம் மாற்றுங்கள். கட்டை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்து இடுப்பு தொய்கிறது என்று கற்றுக்கொடுப்பவர் இல்லாமலேயே தெரிந்துகொள்ளலாம். மணிக்கட்டு வலிப்பவர்கள் முழங்கையை ஊன்றிச் செய்யலாம்.

ஐந்தாவது, குப்புறப் படுத்து மார்பை உயர்த்துதல். தழை வெட்டுவது, நாற்று நடுவது, தையல் இயந்திரம், கணினி என எதுவாக இருந்தாலும் நாள் முழுவதும் நாம் முன்பக்கமே வளைகிறோம். அதற்கு மாற்று இது. நெற்றிக்கு அடியில் கைகளை அடுக்கிப் படுத்து, அடிவயிறு விரிப்பிலிருந்து மயிரிழை அளவு எழும்படி இழுத்துக்கொண்டு, மூச்சை இழுத்தபடி தலையையும் மார்பையும் சிறிதளவு உயர்த்துங்கள். கழுத்தை மேலே ஒடிக்காமல் பார்வை தரையிலேயே இருக்க வேண்டும். இடுப்பில் கிள்ளுவது போன்ற வலி வந்தால் உயரம் கூடிவிட்டது. ஐந்து முறை போதும். முடிந்ததும் குதிகாலின் மேல் உட்கார்ந்து, கைகளை முன்னால் நீட்டிச் சற்று ஓய்வெடுங்கள்.

ஒருக்களித்துப் படுத்து மேல்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இறக்குவதைப் பக்கத்துக்குப் பத்து முறை சேர்த்துக்கொள்ளலாம். இது நடக்கும்போது இடுப்பு ஒருபக்கம் சாய்வதைத் தடுக்கும். கால் நீட்டிப் படுத்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டி எழுந்து உட்காரும் பயிற்சியைப் பலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். மேலே சொன்னவை இரண்டு மாதம் பிழையின்றி வந்த பிறகே அதற்குப் போகலாம் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: தடுமாறாமல் நிற்றல்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முன், பின் என்று எதுவும் இல்லாத அந்த வட்டப் படகு சுழலில் திரும்பும்போது பயணிகள் விளிம்பை இறுகப் பற்றி விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். பரிசல்காரரோ தளர்வான தோளோடு, இடுப்பால் ஆட்டத்தை வாங்கிக்கொண்டு துடுப்புப் போடுவார். உடலை விறைப்பாக்கினால் நிலை கிடைத்துவிடாது. ஆட்டத்தை உணர்ந்து, அந்த நொடியிலேயே சிறுசிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்கும் உடல்தான் நிலைத்து நிற்கும். அந்த உணர்வு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கண்கள், உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, பாதம் மற்றும் கணுக்கால் மூட்டுகளில் உள்ள உணர் நரம்புகள். வயதாக ஆக மூன்றும் மங்குகின்றன. நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாத உணர்வு இன்னும் விரைவாக மங்கும். பழக்கத்தால் இவற்றைக் கூர்மையாக்க முடியும்.

செருப்பின்றி, கதவு நிலைக்குப் பக்கத்தில், தேவைப்பட்டால் உடனே பிடித்துக்கொள்ளும்படி நில்லுங்கள். பாதத்தின் மூன்று இடங்கள், அதாவது குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, தரையில் சமமாக அழுந்தட்டும். முதல் வாரம் ஒரு பாதத்தின் குதிகால் மற்றொன்றின் விரல் நுனியைத் தொடும்படி முன்னும் பின்னுமாக வைத்துப் பத்து எண்ணும் வரை நில்லுங்கள். அது முப்பதாக வளர்ந்ததும் ஒரு காலைத் தரையிலிருந்து கொஞ்சம் மட்டும் தூக்கி நில்லுங்கள். நீண்ட வெளிமூச்சில் தூக்குவதே முறை; மூச்சை அடக்கினால் தடுமாற்றம் கூடுவதை நீங்களே உணர்வீர்கள். அதன் பின் தலையை மெல்ல வலமும் இடமும் திருப்பியபடி நிற்கப் பழகலாம். கண்ணை மூடி நிற்பது கடைசிப் படி. பக்கத்தில் ஒருவர் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. அறுபதைத் தாண்டியவர்கள் சுவருக்கும் கனமான நாற்காலிக்கும் நடுவில் நின்று செய்வது பாதுகாப்பானது.

குதிகால்களைத் தூக்கி இறக்குவதைப் பத்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுவது இரண்டு எண்ணிக்கையில் என்றால் இறங்குவது நான்கு எண்ணிக்கையில் இருக்கட்டும்.

வாரக் கணக்கு

வாரம் மூன்று நாள், ஒரு நாளுக்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கும் தாங்கும் அளவு. முதல் இரண்டு வாரம் இடுப்பின் இயல்பு நிலை, மூச்சு, அடிவயிறு ஆகியவை மட்டும். இவற்றைத் தினமும் செய்தாலும் தவறில்லை. மூன்றாம் வாரத்தில் இடுப்பு உயர்த்தலையும் குதிகால் விரல் நிற்றலையும் சேருங்கள். ஐந்தாம் வாரத்துக்குள் கால் இறக்குதல், நான்கு கால் நிலை, மார்பு உயர்த்தல் ஆகியவை வந்துவிடும். நூறு என்னும் பயிற்சிக்குத் தேதி குறிக்காதீர்கள். கால் இறக்கும்போது முதுகு அசையாமல் நிற்கும் நாளே அதைத் தொடங்கும் நாள். மாம்பழ அறுவடை நடக்கும் மாதங்களில் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் வர முடிவதில்லை. அவர்களிடம் நான் மூச்சையும் நிற்றலையும் மட்டும் விடாமல் செய்யச் சொல்கிறேன். திரும்பி வரும்போது விட்ட இடத்துக்கு விரைவில் வந்துவிடுகிறார்கள்.

விரிப்பில் பழகியதை வேலையில் பயன்படுத்தினால்தான் முதுகுக்கு உண்மையான துணை கிடைக்கும். தண்ணீர்க் குடத்தையோ தக்காளிக் கூடையையோ தூக்கும்போது, அதை உடலுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, வெளிமூச்சு தொடங்கி அடிவயிறு ஒட்டிய பிறகே எடையைத் தரையிலிருந்து எடுங்கள். முதலில் மூச்சு, அடுத்து எடை என்ற வரிசை மாறக் கூடாது. தொப்பூர் கணவாய் வளைவுகளில் பேருந்தில் நிற்க நேர்ந்தால், கம்பியைப் பிடித்தபடியே முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பாதத்தின் மூன்று புள்ளிகளையும் உணர்ந்து நில்லுங்கள்.

தசை சூடேறுவதும் நடுங்குவதும் இயல்பு. குத்தும் வலி, காலுக்கு இறங்கும் வலி, மார்பில் இறுக்கம், தலைச்சுற்றல் ஆகியவை வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மறுநாளும் தீராத மூட்டு வலி இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

பயிற்சி முடிந்ததும் மல்லாந்த நிலையிலிருந்து நேரே எழக் கூடாது. முழங்கால்களை மடக்கி வலப்பக்கம் திரும்பி, இரண்டு மூச்சு அப்படியே இருந்து, கைகளால் தரையைத் தள்ளி உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்க வேண்டும். எழுந்த பின் ஒரு நீண்ட மூச்சு முழுவதும் வெளியேறும் வரை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு, அதே வெளிமூச்சுப் பழக்கத்தோடு குனிந்து விரிப்பைச் சுருட்டுங்கள்.